ஆசானிடம் விடை பெறுதல்

வெள்ளிக்கிழமைதோறும் நம்மில் பலர் கஹ்ஃபு சூராவை ஓதி வருகிறோம். மூஸா (அலை) அவர்களும், அல்லாஹ்விடமிருந்து தனி ஞானம் வழங்கப்பெற்ற ஒரு நல்லடியாரும் சேர்ந்து பயணம் செய்த வரலாறு அதில் 60-ஆம் வசனம் முதல் 82-ஆம் வசனம் வரை வருகிறது. அந்த நல்லடியார் ஹிள்ரு (அலை) என்பதை ஹதீஸ் மூலம் அறிகிறோம். மரக்கலத்தைப் பழுதாக்கியது, சிறுவனைக் கொன்றது, விழவிருந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தியது ஆகிய மூன்றும் பயான்களில் கேட்டுக் கேட்டு நமக்கு மனப்பாடம். ஆனால், ஓர் ஆசானும் மாணவரும் பிரிந்த வரலாறும் அதுவே என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

மூன்றாம் முறையும் மூஸா (அலை) பொறுக்க மாட்டாமல் பேசியதும், இதுவே நமக்கிடையே பிரிவு என்று ஆசான் சொல்லி விடுகிறார். சொன்னவுடன் எழுந்து போய்விடவில்லை. அதுவரை வாய் திறந்து விளக்காத மூன்று காரியங்களையும் அந்தப் பிரியும் வேளையில்தான் ஒவ்வொன்றாக விளக்குகிறார். கூட நடந்தபோது விளங்காத பாடம் பிரியும்போது விளங்குகிறது! இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விளக்கம் முடிந்த மறுவசனத்தில் துல்கர்னைன் வரலாறு தொடங்கிவிடுகிறது. மூஸா (அலை) என்ன சொல்லி விடை பெற்றார்கள் என்பதைத் திருமறை கூறவில்லை.

அந்த மௌனம் எனக்கு நெடுங்காலமாக உறுத்தலாகவே இருந்து வருகிறது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சென்ற வாரம் அஸர் தொழுகைக்குப் பின் எங்கள் மஹல்லா இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பள்ளியில் பாடம் சொல்லித் தந்த ஆசிரியர் இந்த மே 31-ல் ஓய்வு பெறுகிறாராம். பழைய மாணவர்கள் கைபேசியில் குழு அமைத்துப் பணம் திரட்டுகிறார்களாம். பொன்னாடை, மோதிரம், ஆள் உயரத்தில் படம் போட்ட விளம்பரப் பலகை என்று ஏற்பாடுகள் நடக்கின்றன. வாழ்த்து மடல் எழுதும் வேலை இவர் தலையில். "இவ்வளவு புகழலாமா? எல்லோரும் காலில் விழுவார்கள், நான் என்ன செய்வது? ஒரேயடியாகப் போகாமலே இருந்துவிட்டால் பாவமா, பேணுதலா?" என்று கேட்டார். அந்த ஆசிரியர் பிற சமயத்தவர் என்பதையும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

நல்ல பிள்ளை. இல்லாவிட்டால் இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருக்க மாட்டார்.

முதலில் புகழ்ச்சியை எடுத்துக் கொள்வோம். மனிதர்களுக்கு நன்றி செலுத்தாதவன் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவனாக மாட்டான் என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. அதே வேளையில், ஒருவரை அளவு கடந்து புகழ்ந்தவரிடம், உம் தோழரின் கழுத்தை அறுத்துவிட்டீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். நன்றி சொல்லாவிட்டால் குற்றம். சொல்லுகிற விதத்தில் சொன்னால் கழுத்தறுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள ஒற்றையடிப் பாதையில்தான் வழியனுப்பு விழாக்கள் நடக்க வேண்டும். நம் நாட்டு மேடைகள் அவ்வளவு குறுகலானவை அல்ல என்பதை யாவரும் அறிவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1921-ல் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டுக் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவரை மலர் அலங்கார வண்டியில் ஏற்றித் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துச் சென்றதாகச் சொல்வார்கள். அந்த மாணவர்களின் அன்பைக் குறை கூற எனக்கு மனமில்லை. வண்டியில் உட்கார்ந்து போனவருக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் நினைத்துக் கொள்வேன்.

நானும் ஒரு காலத்தில் வாழ்த்து மடல் வாசித்தவன்தான்.

எங்கள் ஊர் தஞ்சைப் பகுதியில் கடலோரம். 1983-ல் நான் பத்தாம் வகுப்பு. எங்களுக்குக் கணக்கு எடுத்த சார் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார். அப்போதெல்லாம் 58 வயதில் ஓய்வு. வெள்ளிக்கிழமை மதியம் முதல் பீரியட் அவருடையது. ஜும்ஆ முடிந்து நாங்கள் ஓடி வருவதற்குள் பத்து நிமிடமாவது கடந்திருக்கும். அந்தப் பத்து நிமிடமும் அவர் புதுக் கணக்கு எதையும் தொடங்க மாட்டார். மற்ற பிள்ளைகளிடம் பழைய பாடத்தைத் திருப்பிக் கேட்டுக் கொண்டிருப்பார். எங்கள் தலை வாசலில் தெரிந்த பிறகே கரும்பலகையைத் துடைப்பார். இதை அவர் ஒருநாளும் எங்களிடம் சொல்லிக் காட்டியதில்லை. எங்களுக்கும் அப்போது அது புரியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலால் ஜும்ஆவுக்குப் போகாமல் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தபோதுதான் கண்டுகொண்டேன்.

கூட்டு வட்டிக் கணக்கு நடத்துகையில் எங்களில் ஒருவன், "வட்டி எங்களுக்கு ஹராம் சார், அதனால்தான் எனக்கு வரவில்லை" என்றான். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்காமல், "வாங்காமல் இருப்பதற்கும் கணக்குத் தெரிய வேண்டும், தம்பி. தெரியாதவனிடம்தான் வட்டிக்காரன் வருவான்" என்றார். வட்டியைப் பற்றி அதற்குப் பிறகு எத்தனையோ பயான்கள் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு வாக்கியங்களும் இன்னும் மறக்கவில்லை.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. விடை மட்டும் சரியாக இருந்து, அதற்கு வந்த வழியை எழுதாமல் விட்டால் சுழியம் போடுவார். ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் "விடை சரி, வழி எங்கே?" என்று எழுதுவார். அரையாண்டுத் தேர்வில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்து நான் ஒரு விடையை எழுதியிருந்தேன். சுழியம் வந்தது. எழுந்து நின்று வாதாடினேன். "விடை யார் வீட்டிலிருந்து வேண்டுமானாலும் வரும், தம்பி. வழி உன்னிடமிருந்துதான் வர வேண்டும்" என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தார். காப்பியடித்தாய் என்று நாலு பேர் முன்னால் சொல்லவில்லை.

வழியனுப்பு விழாவில் மடல் வாசிக்க என்னைத்தான் நிறுத்தினார்கள். இமயம், கடல், கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருந்தேன். அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். பதில் சொல்ல எழுந்தபோது, "தம்பி வாசித்ததில் விடையெல்லாம் நன்றாக இருக்கிறது. வழியைத்தான் காணோம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். கழுத்தறுப்பு ஹதீஸை நான் ஓதியது அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான். ஓதியபோது, மேடையில் குனிந்திருந்த அந்தத் தலைதான் என் கண் முன்னால் வந்தது.

பிறகு பிள்ளைகள் வரிசையாக அவர் காலில் விழுந்தார்கள். நாங்கள் நான்கு முஸ்லிம் பையன்கள் வரிசையில் நெளிந்துகொண்டு நின்றோம். விழக்கூடாது என்பது தெரியும். விழாமல் போனால் மரியாதைக் குறைவாகி விடுமோ என்று பயம். எங்கள் முறை வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, தாமே முதலில் கையை நீட்டிவிட்டார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். தோழரைச் சந்திக்கும்போது குனியலாமா என்று கேட்டதற்குக் கூடாது என்றும், கையைப் பற்றலாமா என்றதற்கு ஆம் என்றும் நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னதாக அனஸ் (ரலி) வாயிலாக திர்மிதீயில் ஒரு ஹதீஸ் உண்டு. அந்த ஹதீஸை அறியாத ஒரு மனிதர், அதை மீறும் சங்கடத்திலிருந்து எங்கள் நால்வரையும் காப்பாற்றினார்.

சரி, பள்ளிக்கூடத்துக் கணக்கு ஆசிரியருக்கு மார்க்கத்தில் 'ஆசான்' என்ற தானம் உண்டா? இது நான் நெடுநாள் யோசித்த கேள்வி. ஆசிரியரின் ஹக்கு பெற்றோரின் ஹக்கை விடப் பெரியது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவின் அறிவைப் பற்றிய பகுதியில் எழுதியிருப்பதை மேடைகளில் எடுத்துச் சொல்கிறார்கள். அதை ஒட்டி இமாம் அவர்கள் வைத்திருக்கும் நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள். மறுமைக்கான அறிவைக் கற்பிப்பவரையும், இம்மைக்கான அறிவை மறுமையின் நோக்கத்தோடு கற்பிப்பவரையும் பற்றியே இமாம் அப்படிச் சொல்கிறார்கள். கணக்கும் மருத்துவமும் ஃபர்ளு கிஃபாயா என்றும் அதே பகுதியில் இருக்கிறது. அப்படியானால் என் கணக்கு சாரை எங்கே வைப்பது? அவர் உள்ளத்தின் நோக்கத்தை நான் எப்படி அறிவேன்? எனக்கு வந்து சேர்ந்ததை மட்டும் அறிவேன்.

1986-ல் சவூதிக்குப் போனேன். ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை. கூட்டுத்தொகை நேராக வருவதற்காக இல்லாத ரசீதுகளைச் சேர்க்கச் சொன்னார் எனக்கு மேலே இருந்தவர். செய்தால் எனக்கும் லாபம் உண்டு. பேனாவைக் கையில் எடுத்தவன் வைத்துவிட்டேன். செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்று கேட்கப்படாமல் மறுமையில் அடியானின் கால்கள் நகரமாட்டா என்ற ஹதீஸ் அன்று எனக்கு நினைவு வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. "விடை சரி, வழி எங்கே?" என்ற சிவப்பு எழுத்துத்தான் முதலில் வந்தது. ஹதீஸ் அதன் பின்னால் வந்தது. அந்த ஹதீஸ் என்னுள் இறங்குவதற்கான வாசலை ஒரு பிற சமயத்துக் கணக்கு வாத்தியார் முன்னமே திறந்து வைத்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. கற்பிப்பவர் மாணவனுக்கு உபகாரம் செய்ததாக எண்ணிவிடக் கூடாது, பயிரிடத் தம் உள்ளமென்னும் நிலத்தைத் தந்தவன் மாணவன்தான் என்றும் கஸ்ஸாலி இமாம் எழுதுகிறார்கள். அப்படி எண்ண வேண்டியவர் ஆசிரியர். நிலம் அதைச் சொல்லிக் கொண்டு சும்மா கிடக்க முடியாது.

"சம்பளம் வாங்கினார், சொல்லிக் கொடுத்தார்; இதில் என்ன கடன்?" என்று கேட்பவர்களும் உண்டு. பத்ருப் போர் (கி.பி. 624) கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க வழியற்றவர்களை, அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத் தரும்படி நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்று நூல்கள் கூறும். கற்றுக் கொடுத்தவர்கள் இணைவைப்பாளர்கள். நேற்றுவரை வாளேந்தி வந்தவர்கள். அவர்களுக்குக் கூலி விடுதலை. ஒரு பையன் வாத்தியாரிடம் அடி வாங்கி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான் என்றும், பத்ருக்குப் பழி தீர்க்கிறான் என்று அவன் தந்தை கோபித்து, இனி அவனிடம் போகாதே என்று நிறுத்திவிட்டார் என்றும் முஸ்னத் அஹ்மதில் வருகிறது. எல்லாக் காலத்திலும் தகப்பன்மார் ஒரே மாதிரிதான்!

நம் தமிழுக்கு வருவோம். நபி பெருமானாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பாடிய உமறுப்புலவர், 17-ஆம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றவர். கடிகைமுத்துப் புலவர் இந்து. மௌலிது மாதத்தில் சீறாவைக் கேட்டுக் கண் கலங்கிய நம் முன்னோர்களின் கண்ணீரில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள், தம்மை வீட்டுக்கு அழைத்துப் பக்கத்தில் இருத்தி உணவளித்த சிவசுப்பிரமணிய ஐயரையும், ராமநாதபுரத்தில் ஊக்கமூட்டிய ஐயாதுரை சாலமனையும் 1999-ல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் நினைவு கூர்ந்தார். 2015 ஜூலை 27-ல் ஷில்லாங்கில் மாணவர்கள் முன்னிலையில் பேசிக் கொண்டிருக்கும்போதே அவருக்கு முடிவு வந்ததும் நமக்குத் தெரியும்.

இனி என் உறுத்தலைச் சொல்கிறேன்.

விழா மேடையில் கைகுலுக்கியதோடு சரி. மறுநாள் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை பேச வேண்டும், அரையாண்டுத் தேர்வில் நடந்ததை நானே வாய் விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். போகவில்லை. பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது, பட்டுக்கோட்டையில் மேல்படிப்பு. சவூதிக்குப் புறப்படும்போது உறவுக்காரர் வீடு ஒன்று விடாமல் ஏறி இறங்கிப் பயணம் சொன்னவன், இரண்டு மைல் தொலைவில் இருந்த அவர் வீட்டுக்குப் போகவில்லை. 1988-ல் முதல் விடுமுறை, நிக்காஹ். அடுத்து 1991-ல் வந்தபோது பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றை அவருக்கென்றே தனியாகக் கட்டி எடுத்து வந்தேன். போனேன். அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவர் மகன் வாசலுக்கு வந்தார். என் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை. அப்பா உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார் என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன் போலும். முப்பது வருடத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கண்டவர்; நான் ஒருவன். "அப்பாவிடம் படித்தவரா, உட்காருங்கள்" என்றார். அந்த அம்மா காபி கொடுத்தார்கள். சுவரில் மாலை போட்ட படம். அதன் முன் நின்றபோது பழக்கத்தினால் மஃபிரத்து வேண்டி துஆச் செய்ய நாவு எழுந்தது. எழுந்த நாவு பாதியில் நின்றது.

திரும்பி வரும் வழியிலேயே எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தேன். என்னைச் சின்ன வயதில் அலிஃப் பே ஓத வைத்தவர். தௌபா சூராவின் 113-ஆம் வசனத்தை எடுத்துக் காட்டி, ஈமான் இல்லாமல் போனவருக்காகப் பாவமன்னிப்புத் தேட நமக்கு அனுமதியில்லை என்றார். கண்டிப்பாகச் சொன்னார், ஆனால் கடுமையாகச் சொல்லவில்லை. "அவர் முடிவு எப்படி அமைந்தது என்பது அவருக்கும் படைத்தவனுக்கும் மத்தியில் உள்ள விஷயம். அதில் தீர்ப்புச் சொல்ல நீயும் ஆளில்லை, நானும் ஆளில்லை" என்றார். பிறகு முத்இம் இப்னு அதீயின் வரலாற்றைச் சொன்னார். தாயிஃபிலிருந்து நொந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்குள் நுழைய ஆதரவு கொடுத்தவர் அவர். இஸ்லாத்தை ஏற்காமலே இறந்துவிட்டார். பத்ருக்குப் பின், முத்இம் இன்று உயிரோடிருந்து இந்தக் கைதிகளுக்காகப் பேசியிருந்தால், அவருக்காக இவர்களை விட்டுவிட்டிருப்பேன் என்று பெருமானார் சொன்னதாக புகாரியில் இருக்கிறது. அவர் மறைவுக்கு ஹஸ்ஸான் (ரலி) இரங்கற்பா பாடினார்கள். "மவுத்தானதோடு கடன் தீரவில்லை, பார்த்தாயா? மஃபிரத்து கேட்க முடியாது. மறக்கவும் முடியாது" என்றார் ஹஜ்ரத்.

எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "ஒன்று கேட்கிறேன். எட்டு வருடம் அந்த மனிதர் உயிரோடு இருந்தாரே. அவருக்கு ஹிதாயத்தைக் கொடு, சுகத்தைக் கொடு என்று ஒரு வக்துத் தொழுகைக்குப் பிறகாவது கையேந்தினாயா? அப்போது எந்த வசனமும் உன்னைத் தடுக்கவில்லையே?"

நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை. ஹரம் ஷரீஃபில் நின்று எவ்வளவோ கேட்டிருக்கிறேன். பிழைப்புக்கு, பிள்ளைக்கு, ஊரில் கட்டும் வீட்டுக்கு. அந்தப் பட்டியலில் அவர் இல்லை. நன்றி மறந்தவன் என்று யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது. நினைவு வரும்போதெல்லாம் நல்லவர், நல்லவர் என்று பிறரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். நினைப்பையே நன்றி என்று எண்ணி ஏமாந்திருக்கிறேன்.

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமன் தேசத்துக்கு அனுப்பியபோது, முஆத் வாகனத்தில் இருக்க, நபி (ஸல்) அவர்கள் பக்கத்தில் நடந்தபடி உபதேசம் செய்துகொண்டே ஊர் எல்லை வரை வந்தார்கள். முடிவில், இந்த ஆண்டுக்குப் பின் நீர் என்னைச் சந்திக்காமல் போகலாம், என் பள்ளியையும் கப்றையும் கடந்து போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். முஆத் (ரலி) அழுதார்கள். இதுவும் முஸ்னத் அஹ்மதில் உள்ளதே. அங்கே ஆசான் நடக்கிறார், மாணவர் வாகனத்தில் இருக்கிறார். இது கடைசிச் சந்திப்பு என்பது இருவருக்கும் தெரிகிறது. நமக்கு அப்படி யாரும் சொல்லிவைப்பதில்லை. கைகுலுக்கும்போது இதுதான் கடைசி என்று தெரிந்திருந்தால் நான் அன்று மேடையை விட்டு இறங்கியிருப்பேனா?

இதில் பாதியைத்தான் அந்த இளைஞரிடம் சொன்னேன். மடலை எழுது, ஆனால் அவர் செய்ததை மட்டும் எழுது, இமயத்தை அதன் இடத்திலேயே விட்டுவிடு என்றேன். மோதிரத்துக்குக் காசு கொடுப்பது பற்றிக் கேட்டார். அவர் விரலுக்கு நம் சட்டம் பொருந்தாது, ஆனால் பணமில்லாத மாணவன் எவனும் கூசிப்போகாதபடி பார்த்துக்கொள் என்றேன். காலில் விழும் வரிசைக்கு முன்னதாகவே போய்க் கையைப் பற்றிக்கொள். எல்லாவற்றுக்கும் முந்தி, விழாவுக்கு முன்பே ஒருநாள் தனியாக அவர் வீட்டுக்குப் போ. ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே. சொல்ல வேண்டியதைச் சொல். திரும்பி வந்து தொழும்போது அவருக்காகவும் கேள்.

அன்று மாலையே போயிருக்கிறார். இஷாவுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வீடு பூட்டிக் கிடந்தது மாமா" என்றார். நாளை சுபுஹு முடிந்ததும் மறுபடி போகிறாராம்.